வேலையை விட்டுப் போனவர் கம்பெனி டேட்டாவையும் எடுத்துப் போயிருந்தால்: முதலாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலையை விட்டுப் போன ஒருவர் கஸ்டமர் பட்டியலையோ விலை விவரத்தையோ டிசைன் ஃபைல்களையோ கையோடு எடுத்துப் போயிருக்கிறார் என்று தெரிந்ததும், பெரும்பாலான முதலாளிகள் செய்யும் முதல் காரியம் அந்த ஆளுக்கே போன் போட்டுச் சத்தம் போடுவது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பேச்சு முடிவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் பென் டிரைவை அழித்து, ஜிமெயிலில் தனக்குத் தானே அனுப்பிக்கொண்டதையெல்லாம் டெலீட் செய்துவிடுவார். இன்னொரு பக்கம், அவர் பயன்படுத்திய லேப்டாப்பை ஆபீஸிலேயே ஃபார்மட் செய்து புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்திருப்பார்கள். அவரிடம் இருந்த ஆதாரமும் போயிற்று, நம்மிடம் இருந்ததும் போயிற்று. பிறகு வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எடுத்தார் என்பதற்கு என்ன இருக்கிறது?"

அதனால் இந்த வழிகாட்டியில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசைதான் முக்கியம். சட்டம் சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம். பெரிய ஐடி கம்பெனிகளுக்கு இதற்கென்று தனி டீமே இருக்கும், அவர்களை விட்டுவிடுவோம். இருபது பேரோ நூறு பேரோ வேலை செய்கிற, சிஸ்டம் பார்ப்பதற்கு ஒரே ஒரு ஆள் இருக்கிற கம்பெனிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். உதாரணத்துக்குத் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் நோட்டீஸ் பீரியட் முடித்து, கேக் வெட்டி, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு மாதம் கழித்து உங்கள் பழைய பையர் ஒருவர், "உங்கள் காஸ்டிங் ஷீட் (பீஸுக்கு ஆகும் செலவுக் கணக்கு) மாதிரியே இன்னொரு ஃபேக்டரியிலிருந்து வந்திருக்கிறது, பீஸுக்குக் கொஞ்சம் விலை குறைவாக" என்கிறார். இங்கிருந்து தொடங்குவோம்.

போனது என்ன என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

எல்லாமே திருட்டு இல்லை. அந்த மெர்ச்சண்டைசர் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்ட தொழில், எந்த ஜிஎஸ்எம் (எடை) துணி எந்த விலைக்குக் கிடைக்கும் என்ற அனுபவம், பையர்களோடு இருக்கும் பழக்கம் இதெல்லாம் அவருடையது. அதை உங்களால் திரும்பக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. "இரண்டு வருடம் இதே தொழிலில் எந்தக் கம்பெனியிலும் சேரக் கூடாது" என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எழுதி வாங்கியிருந்தாலும், வேலையை விட்டபின் அது செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. நிறையப் பேர் இந்த ஷரத்தை நம்பித்தான் வக்கீல் நோட்டீஸே அனுப்புகிறார்கள், வீண் வேலை.

அதேபோல் சம்பளச் சீட்டு, தன்னுடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள பாக்கிக்கோ பாலியல் தொல்லைப் புகாருக்கோ ஆதாரமாக எடுத்த ஸ்கிரீன்ஷாட் இவற்றை ஒருவர் வைத்திருப்பதை டேட்டா திருட்டு என்று கிளப்பாதீர்கள். அது பழிவாங்கல் மாதிரிதான் தெரியும், கோர்ட்டிலும் அப்படித்தான் எடுபடும்.

நீங்கள் கையில் எடுக்க வேண்டியது ஃபைலாக, பட்டியலாக, படமாக வெளியே போனதை. காஸ்டிங் ஷீட், டெக் பேக் (ஆடையின் டிசைன், அளவு விவரக் குறிப்பு), பையர் தொடர்பு விவரங்களும் ஆர்டர் வரலாறும் அடங்கிய எக்ஸெல், டேலி பேக்கப், சோர்ஸ் கோடு, டிராயிங், டெண்டர் விலை. இவற்றில் எது ரகசியம், எது கூகுளில் தேடினாலே கிடைப்பது என்றும் இப்போதே பிரித்துவிடுங்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். 1995இல் பர்லிங்டன் ஹோம் ஷாப்பிங் வழக்கில், தபால் வழி விற்பனைக் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துப்போய் அதே தொழிலைத் தொடங்கிய முன்னாள் ஊழியருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. உழைத்துத் தொகுத்த பட்டியலுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டு என்றது நீதிமன்றம். 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தொடுத்த வழக்கில் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் போன்றவை வியாபார ரகசியம் ஆகிவிடாது, ரகசியம் என்று காரணம் சொல்லி ஒருவர் நல்ல வேலை தேடுவதைத் தடுக்க முடியாது என்று வந்தது. அதாவது "என் கஸ்டமரை இழுத்துப் போய்விட்டார்" என்பது பலவீனமான வழக்கு. "நாங்கள் தொகுத்த இந்த ஃபைலை, இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு நகல் எடுத்திருக்கிறார்" என்பது பலமான வழக்கு.

படி 1: கதவுகளைச் சாத்துங்கள், எதையும் அழிக்காமல்

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது இது. அவருடைய எல்லா லாகினையும் நிறுத்துங்கள். நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் கணக்கை சஸ்பெண்ட் செய்ய வேண்டும், டெலீட் செய்யக் கூடாது. டெலீட் செய்தால் 20 நாட்களுக்குள் மீட்கலாம், அதற்குப் பிறகு அந்த மெயில் எல்லாம் போனதுதான். மைக்ரோசாஃப்ட் 365இல் அந்த அவகாசம் 30 நாட்கள். லைசன்ஸ் காசு மிச்சம் என்று ஆள் போன அன்றே கணக்கை டெலீட் செய்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதை விட்டொழியுங்கள்.

மெயிலை மூடியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள், நம் ஊர்க் கம்பெனிகளில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். டேலியை வீட்டிலிருந்து பார்க்க அக்கவுன்டன்டுக்குக் கொடுத்த டேலி.நெட் ஐடி அப்படியே உயிரோடு இருக்கும். ஜிஎஸ்டி போர்ட்டலில் அவருடைய மொபைல் நம்பருக்குத்தான் ஓடிபி போய்க்கொண்டிருக்கும். இ-வே பில்லில் அவர் பெயரில் ஒரு சப்-யூசர் இருக்கும். இந்தியாமார்ட்டில் வரும் என்கொயரி எல்லாம் பழைய சேல்ஸ்மேனின் போனுக்குப் போகும். ஆபீஸ் வாட்ஸ்அப் நம்பர் அவர் வீட்டு கம்ப்யூட்டரில் லிங்க் ஆகியே இருக்கும், ஆபீஸ் போனை எடுத்து லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். லாக்-அவுட் செய்வதற்கு முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கடைசியாக எப்போது ஆக்டிவாக இருந்தது என்று அதிலேயே காட்டும். சிசிடிவி ஆப், வைஃபை பாஸ்வேர்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் எனிடெஸ்க், பேங்க் நெட்பேங்கிங்கில் மேக்கர் யூசர் இவற்றையும் விடாதீர்கள்.

மெயிலில் ஆட்டோ ஃபார்வர்டு வைத்திருக்கிறாரா, வேறு யாருடைய மெயில்பாக்ஸைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா, ஷேர்டு டிரைவ் ஃபோல்டரைத் தன் சொந்த ஜிமெயிலுக்குப் பகிர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். கண்டதை முதலில் படம் எடுங்கள், பிறகு நிறுத்துங்கள். எல்லா இடத்திலும் இதே வரிசைதான்.

படி 2: லேப்டாப்பைத் தொடாதீர்கள்

இந்தப் படியில்தான் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவர் பயன்படுத்திய கம்ப்யூட்டரோ லேப்டாப்போ உங்கள் கையில் இருந்தால், அணைந்திருப்பதை ஆன் செய்யாதீர்கள். "சும்மா திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்தேன்" என்று சொல்வார்கள். விண்டோஸை ஆன் செய்த நிமிடத்திலேயே நூற்றுக்கணக்கான ஃபைல்களின் தேதியும் நேரமும் மாறிவிடும். இப்போது வருகிற லேப்டாப்புகளில் எல்லாம் எஸ்எஸ்டி டிரைவ். அதில் அழித்த ஃபைல்களைச் சிஸ்டமே பின்னணியில் துடைத்துக்கொண்டிருக்கும், அதனால் ஆன் ஆகியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்கும் வாய்ப்பு குறைகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அவகாசம் இதில் கிடையாது.

லேப்டாப்பை ஒரு கவரில் போட்டு, ஒட்டி, மேலே சீரியல் நம்பர், தேதி, நேரம், யார் யாரிடமிருந்து வாங்கினார் என்று எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டுங்கள். அதன்பின் அது யார் கைக்குப் போனாலும் ஒரு தாளில் தேதி, நேரத்தோடு பதியுங்கள். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இடையில் நீங்களே இதில் எதையோ போட்டிருக்கலாமே?" அந்தத் தாள்தான் அதற்குப் பதில்.

அடுத்து ஒரு கம்ப்யூட்டர் தடயவியல் ஆளைப் பிடியுங்கள். உங்கள் சிஸ்டம் சர்வீஸ் செய்யும் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். தடயவியல் ஆள், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவியைப் போட்டு முழு நகல் எடுப்பார், அந்த நகலுக்கு ஒரு ஹேஷ் மதிப்பு எடுப்பார். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும், எனவே பின்னால் யாரும் கை வைக்கவில்லை என்று காட்ட முடியும். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட் ஏற்க இப்போது பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63இன் கீழ் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய் இது வந்திருக்கிறது. இந்தச் சான்றிதழ் இரண்டு பாகம். ஒன்றில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதில் நிபுணர். ஹேஷ் மதிப்பையும் எந்த முறையில் எடுத்தார்கள் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். பழைய மாடல் சான்றிதழை நெட்டில் எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், கவனம்.

லேப்டாப் போலவே லாக் பதிவுகளும் முக்கியம். கூகுள் டிரைவில் யார் எந்த ஃபைலை எப்போது டவுன்லோடு செய்தார் என்ற பதிவு ஆறு மாதம்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365இன் சாதாரணத் திட்டத்தில் 180 நாட்கள். சிசிடிவி பல இடங்களில் இரண்டு, மூன்று வாரத்தில் தானாக மேலெழுதிக்கொள்ளும். நம் மெர்ச்சண்டைசர் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது என்றால் சிசிடிவி போயிருக்கும், ஆனால் டிரைவ் பதிவு இன்னும் இருக்கும். இன்றே எக்ஸ்போர்ட் செய்து, தனியாக வையுங்கள்.

படி 3: எடுத்தது எது, எப்போது, எப்படி

தடயவியல் அறிக்கையில் எதிர்பார்க்க வேண்டியது என்ன என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. எந்தப் பென் டிரைவ், என்ன சீரியல் நம்பர், முதன்முதலில் எப்போது செருகப்பட்டது என்று விண்டோஸ் தானாகவே குறித்து வைக்கிறது. அந்தப் பென் டிரைவிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்திருந்தால் அதற்கான ஷார்ட்கட் தடமும் இருக்கும். பிரவுசரில் சொந்த ஜிமெயில், சொந்த டிரைவுக்கு அப்லோடு செய்த தடமும் பெரும்பாலும் கிடைக்கும்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண எக்ஸெல் ஷீட்டில் காலவரிசை ஒன்றைப் போடுங்கள். ராஜினாமா மெயில் வந்த தேதி, கடைசி நாள், நோட்டீஸ் பீரியடில் வழக்கத்துக்கு மாறான டவுன்லோடுகள், லீவு போட்ட நாட்கள், ஞாயிற்றுக்கிழமை லாகின், புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதி, பையரிடமிருந்து தகவல் வந்த தேதி. ராஜினாமாவுக்கு முந்தைய ஒரு மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். முடிவு எடுத்த பிறகுதான் ராஜினாமா எழுதுகிறார்கள், நகல் எடுப்பதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கும்.

கூகுளின் தானியங்கி கார் பிரிவான வேமோ வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அங்கே பொறியாளராக இருந்த ஆண்டனி லெவண்டோவ்ஸ்கி 2015 டிசம்பரில் சுமார் 14,000 ஃபைல்களை டவுன்லோடு செய்தார், ஒரு மெமரி கார்டை மணிக்கணக்கில் செருகி வைத்திருந்தார், பிறகு லேப்டாப்பில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டார் என்பது வேமோவின் குற்றச்சாட்டு. 2016 ஜனவரியில் வேலையை விட்டார், பிறகு ஊபரில் சேர்ந்தார். அந்த ஆண்டுக் கடைசியில்தான் பெரிய துப்பு கிடைத்தது, அதுவும் வெளியிலிருந்து: சப்ளையர் ஒருவர் ஊபரின் சர்க்யூட் போர்டு படம் இருந்த மெயிலில் வேமோ ஊழியரையும் தவறுதலாகச் சேர்த்துவிட்டார். 2017 பிப்ரவரியில் வழக்கு, 2018 பிப்ரவரியில் ஊபரோடு சமரசம். லெவண்டோவ்ஸ்கி 2020இல் வியாபார ரகசியத் திருட்டை ஒப்புக்கொண்டு 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றார், 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் மன்னிப்பும் கிடைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே விஷயம் சப்ளையர் வழியாகத்தான் தெரிய வந்தது. எனவே உங்களிடம் வந்து சொன்ன பையரை, ஜாப் ஒர்க் யூனிட்காரரை, டையிங் காரரை மதியுங்கள். அவருக்கு வந்த ஃபைலை அப்படியே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் ஃபார்வர்டு போதாது, அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். எக்ஸெல்லின் ப்ராபர்டீஸில் உங்கள் கம்பெனிப் பெயரோ பழைய ஆத்தர் பெயரோ அப்படியே இருப்பது உண்டு, உங்கள் ஷீட்டில் இருந்த ஒரு ஸ்பெல்லிங் பிழை அங்கேயும் இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், நீதிபதிக்கு அதைவிட எளிதாகப் புரியும் ஆதாரம் வேறு இல்லை.

இந்த நேரத்தில் செய்யவே கூடாதவை

அவருடைய சொந்த ஜிமெயில் பாஸ்வேர்டு ஆபீஸ் பிரவுசரில் சேவ் ஆகியிருந்தாலும் உள்ளே போகாதீர்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால், அவர் மேல் நீங்கள் புகார் கொடுக்கப்போகும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43, 66 உங்கள் மேலேயே திரும்பும். ஆளைக் கூப்பிட்டு ரூமில் உட்கார வைத்து போனைப் பிடுங்குவது, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது இதெல்லாம் சட்டவிரோத அடைப்பு, மிரட்டல் வழக்காக முடியும். தொழில் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோ போட்டு "இவரை யாரும் வேலைக்கு எடுக்காதீர்கள்" என்று பரப்பினால், பாரதிய நியாய சம்ஹிதா பிரிவு 356இல் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும். நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் கோர்ட்டில் நின்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

பிஎஃப் பணத்தில் கை வைக்காதீர்கள், அது உங்கள் பணம் இல்லை. சம்பளமும் அப்படியே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். டேட்டா தகராறை வைத்து ஃபுல் அண்ட் ஃபைனலை நிறுத்தினால், அவர் தொழிலாளர் அலுவலகம் போவார், நீங்கள் குற்றம் சாட்டும் இடத்திலிருந்து பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

படி 4: வக்கீல் நோட்டீஸ், புது முதலாளிக்கும் சேர்த்து

ஆதாரம் பூட்டிய பிறகுதான் இது. தடயவியல் நகல் எடுப்பதற்கு முன் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

நோட்டீஸில் எல்லா ஆதாரத்தையும் கொட்ட வேண்டாம். எந்த ஃபைல்கள் என்று அடையாளம் தெரிகிற அளவுக்குச் சொல்லுங்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று நேராகக் கேளுங்கள்: திருப்பிக் கொடு, நகல்களைப் பயன்படுத்தாதே, யாருக்கெல்லாம் கொடுத்தாய் என்று எழுத்தில் சொல், எதையும் அழிக்காதே. கடைசியில் இருப்பது முக்கியம். "உடனே டெலீட் செய்" என்று எழுதினால் ஆதாரத்தை அழிக்க நீங்களே உத்தரவு கொடுத்த மாதிரி ஆகிவிடும். அழிப்பது பிறகு, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒருவரின் முன்னால் நடக்கட்டும்.

புதுக் கம்பெனிக்குத் தனியாக ஒரு கடிதம், மரியாதையாக. "உங்கள் ஊழியர் எங்கள் ரகசிய ஃபைல்களை எடுத்து வந்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருக்கிறது, அவை உங்கள் சிஸ்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற அளவில் போதும். என் அனுபவத்தில் பாதி விவகாரங்கள் இந்தக் கடிதத்திலேயே அடங்கிவிடுகின்றன, ஏனென்றால் ஓரளவு பெயர் உள்ள எந்தக் கம்பெனியும் இன்னொருவர் டேட்டாவால் கேஸில் மாட்ட விரும்பாது. கடிதம் போன பிறகும் அவர்கள் பயன்படுத்தினால் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் வழியும் அடைபட்டுவிடும்.

படி 5: சிவில் கோர்ட்டா, போலீஸா

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. டேட்டா பயன்படாமல் தடுக்க வேண்டும் என்றால் சிவில் கோர்ட். ஆளுக்குத் தண்டனை, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கைப்பற்றுவது என்றால் போலீஸ். பெரும்பாலான முதலாளிகளுக்கு உண்மையில் வேண்டியது முதலாவது, கோபத்தில் ஓடுவது இரண்டாவதற்கு.

இந்தியாவில் வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் ஒரு வரைவைக் கொடுத்தது, அது இன்னும் சட்டமாகவில்லை. அதுவரை ஒப்பந்த மீறல், நம்பிக்கை மீறல், பதிப்புரிமை என்று மூன்றையும் கோர்த்துத்தான் வழக்குப் போடுகிறார்கள். வேலையின் பகுதியாக ஊழியர் தயாரித்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம் என்று பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17 சொல்கிறது. கம்ப்யூட்டர் டேட்டாபேஸும் அந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்பு வகையில் வருகிறது. வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடையும், அட்வகேட் கமிஷனரை (கோர்ட் நியமிக்கும் வக்கீல்) அனுப்பி எதிர்த்தரப்பு இடத்தில் உள்ள கம்ப்யூட்டர்களை நகல் எடுக்கும் உத்தரவும் கேட்கலாம். கமிஷனர் உத்தரவு மட்டும் முன்னறிவிப்பில்லாமல் கிடைத்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போடுமுன் சமரச முயற்சி கட்டாயம் என்று வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12ஏ சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் அதை உறுதிப்படுத்திவிட்டது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால்தான் விலக்கு. தெரிந்து எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு "அவசரம்" என்று போய் நின்றால் நீதிபதி நம்ப மாட்டார். சில வாரங்களுக்குள் போங்கள்.

போலீஸ் பக்கம் வருவோம். உரிமையாளர் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து டேட்டாவை நகல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம்பிக்கை மோசடி, திருட்டு, ஏமாற்று என்று பொதுக் குற்றப் பிரிவுகளையும் அடுக்கிப் புகார் எழுதினால் கனமாக இருக்கும் என்று நினைப்பார்கள். டேட்டா திருட்டு பிரிவு 43, 66இல் அடங்கும்போது பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளைச் சேர்க்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2018இல் ககன் ஹர்ஷ் சர்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் 66ஐ மையமாக வைத்து எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, மாநகரங்களில் கமிஷனர் அலுவலகத்தின் கீழ் இருக்கும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். 1930 என்ற எண் பணம் பறிபோன மோசடிக்கு, டேட்டா திருட்டுக்கு அதில் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். புகார் இரண்டு, மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம், மேலே காலவரிசை, பின்னால் இணைப்புகள். கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்பதால், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு எஃப்ஐஆர் போடும் வழி இப்போது உண்டு, எனவே அன்றே எஃப்ஐஆர் போடவில்லை என்று சண்டை போடாதீர்கள். மறுத்துவிட்டால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிரிவு 66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். "உடனே உள்ளே தள்ளிவிடுவார்கள்" என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 46இன்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரி. ஐந்து கோடி ரூபாய் வரையிலான நஷ்டஈட்டுக் கோரிக்கையை அவரிடம் வைக்கலாம். நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முடிகிறவர்கள், அதாவது போன ஆர்டர் எது, அதில் லாபம் எவ்வளவு என்று சொல்ல முடிகிறவர்கள், இதைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள்.

படி 6: யாருக்கெல்லாம் சொல்லியாக வேண்டும்

போன ஃபைலில் மனிதர்களின் சொந்த விவரம் இருந்தால், அதாவது வாடிக்கையாளர் போன் நம்பர், தொழிலாளர்களின் ஆதார் நகல், பேங்க் கணக்கு, இது உங்கள் வியாபார நஷ்டம் மட்டுமில்லை. அந்த மனிதர்களுக்கு ஆபத்து. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவின்படி டேட்டா கசிவு, அனுமதியற்ற நுழைவு போன்றவற்றைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன படிகளெல்லாம் முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், தெரிந்த விவரத்தோடு அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது முழுமையாக வந்ததும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான அறிக்கை கொடுக்க வேண்டும். போதிய பாதுகாப்பு வைக்காததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இந்தச் சட்டத்தின் கண்ணில் பழைய ஊழியர் திருடினார் என்பது முழுச் சமாதானம் ஆகாது, நீங்கள் ஏன் திறந்து போட்டிருந்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஆதார் நகல் போன தொழிலாளிக்குச் சொல்லிவிடுங்கள். அவர் பெயரில் நாளை யாரோ சிம் கார்டு வாங்கினால் மாட்டப்போவது அவர். பையருடன் போட்ட ஒப்பந்தத்திலும் ரகசியக் காப்பு ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள், பல வெளிநாட்டு பையர்களின் ஒப்பந்தத்தில் தகவல் கொடுக்கக் கெடு இருக்கும். வெளியிலிருந்து தெரிந்துகொண்டால் ஆர்டரே போய்விடும்.

படி 7: சமரசம் வந்தால்

பெரும்பாலும் நோட்டீஸ் போன சில நாளில் அவர் தரப்பிலிருந்து யாராவது பேச வருவார்கள், ஒரு உறவினரோ பழைய மேனேஜரோ. பேசுங்கள், தப்பில்லை. ஆனால் "சார், எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்ற வாய்வார்த்தையோடு விடாதீர்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம்: எடுத்தது எது, எங்கெல்லாம் நகல் இருந்தது, யாருக்கு அனுப்பினார், இனிப் பயன்படுத்தமாட்டார், மீறினால் என்ன. பென் டிரைவும் கிளவுட் கணக்கும் தடயவியல் ஆளின் முன்னால் திறந்து, நகல் எடுத்து, பிறகு அழிக்கப்பட வேண்டும். கிரிமினல் புகாரை வாபஸ் வாங்குவதைக் காசுக்கான பேரமாக நீங்களே பேசாதீர்கள், அது உங்கள் மேலேயே மிரட்டிப் பணம் பறித்ததாகத் திரும்பலாம். வக்கீல் வழியாகவே போகட்டும்.

அடுத்தவர் போகும்போது

ரகசியம் என்று நீங்களே நடத்தாத ஒன்றை ரகசியம் என்று கோர்ட் நடத்தாது. எல்லோருடைய டெஸ்க்டாப்பிலும் காஸ்டிங் ஷீட் கிடந்தால், ஒரே பாஸ்வேர்டு ஆபீஸ் முழுக்கச் சுற்றினால், இதுவரை சொன்ன எல்லாப் படியும் பாதி பலனோடுதான் வேலை செய்யும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் போட்டிக் கம்பெனியில் சேராதே என்பதை எடுத்துவிட்டு, எந்தெந்த வகைத் தகவல் ரகசியம், போகும்போது எதைத் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். சேல்ஸ் ஆட்களுக்குக் கம்பெனி சிம் கொடுங்கள். சொந்த நம்பரில் ஐந்து வருடம் கஸ்டமரோடு பேசவிட்டு, போகும்போது அந்த நம்பரைக் கேட்பது நடக்காத காரியம்.

ராஜினாமா மெயில் வந்த அன்றே அவருடைய டிரைவ் டவுன்லோடு பதிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடைசி நாளில் மேலே படி 1இல் சொன்ன லாகின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடுங்கள். வாட்ஸ்அப் லிங்க்டு டிவைசஸ், ஓடிபி போகும் நம்பர் எல்லாம் அவர் இருக்கும்போதே மாற்றுவது சுலபம். எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். மரியாதையாக, டீ கொடுத்து, நல்லவிதமாக அனுப்புங்கள். அவமானப்பட்டுப் போகிறவர்களுக்குத்தான் எதையாவது எடுத்துப் போகும் எண்ணம் அதிகம் வருகிறது. அவர் போன பிறகு லேப்டாப்பை உடனே அடுத்தவருக்குக் கொடுக்காமல் மூன்று மாதம் சீல் வைத்துப் பூட்டி வையுங்கள். அவசரமாக லேப்டாப் தேவை என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பெயர், தேதி எழுதி வைத்துவிட்டு, புது டிஸ்க் போட்டுக் கொடுங்கள்.